தாத்தா ஏன் இப்படி ஓடுறார்? வீடியோ வேகத்துக்கு அக்காவின் டிப்ஸ்

தீபாவளிக்கு முதல் வாரம், சிரம்பானில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் பதினான்கு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். ரந்தாவ் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் நடந்த மாரியம்மன் கோயில் திருவிழா. 1960-களில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தன் சொந்த 8 மி.மீ. கேமராவில் எடுத்தது. ரீல் அத்தனை வருஷமும் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்திருக்கிறது. ஒரு கடையில் கொடுத்து எம்பி4 ஆக்கி வாங்கியிருந்தார் சித்தப்பா.

லயத்து வரிசை வீட்டு வாசலில் இருந்து தாத்தா பால்குடம் தூக்கிக்கொண்டு வருகிறார். வருகிறார் என்றா சொன்னேன்? ஓடுகிறார். சார்லி சாப்ளின் மாதிரி கால் இரண்டும் கத்தரிக்கோல் போட, குடம் தலையில் தட்டாமாலை சுற்ற, கோயிலுக்குள் பாய்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"அவரு எங்கடி ஓடினாரு? துரை கூப்பிட்டாலும் நடந்துதான் போவாரு."

அன்று ராத்திரி மடிக்கணினியில் ஒரே ஒரு வரி தட்டினேன். இரண்டு வினாடியில் தாத்தா நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வரியையும் அதன் உறவுக்கார வரிகளையும்தான் இங்கே சொல்லப்போகிறேன். காசு கட்டும் மென்பொருள் வேண்டாம், இணையத்தில் ஏற்ற வேண்டாம். தம்பி, தங்கச்சி யாராக இருந்தாலும் பக்கத்தில் ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்காரு.

டிப்ஸ் 1: ஓட்டத்துக்குக் காரணத்தைக் கண்டுபிடி

பழைய 8 மி.மீ. கேமரா வினாடிக்கு 16 ஃபிரேம் எடுக்கும். 1965-இல் வந்த சூப்பர் 8 வினாடிக்கு 18. கடையில் ரீலை ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்து, கடைசியில் தொலைக்காட்சிக் கணக்கில் வினாடிக்கு 25 என்று கோப்பாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். 16 ஃபிரேமில் நடந்தவர் 25-இல் ஓடாமல் என்ன செய்வார்? ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேலே போய்விடுகிறது வேகம்.

எது எந்த ரீல் என்று தெரியவில்லையா? படச்சுருளின் ஓரத் துளையைப் பார். பழைய 8-இல் துளை பெரிது, இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் இருக்கும். சூப்பர் 8-இல் துளை சிறிது, ஃபிரேமின் நடுப்பக்கம் இருக்கும். ரீல் கையில் இல்லை, கோப்பு மட்டும்தான் என்றால் நேரத்தைப் பார். 50 அடி பழைய 8 ரீலில் சுமார் 4,000 ஃபிரேம். சரியான வேகத்தில் 4 நிமிஷம் 10 வினாடி ஓட வேண்டும். 25-இல் ஓட்டினால் 2 நிமிஷம் 40 வினாடியில் முடிந்துபோகும். சூப்பர் 8 ரீலில் சுமார் 3,600 ஃபிரேம். 3 நிமிஷம் 20 வினாடி ஓட வேண்டியது 2 நிமிஷம் 24 வினாடியில் முடியும். முழு ரீல் ஒன்று இந்தக் குறுகிய நேரத்தில் முடிந்தால் உன் வீட்டுத் தாத்தாவும் ஓடுகிறார் என்று அர்த்தம்.

ரீலைச் சுவரில் ஓட்டி, அந்தச் சுவரை வீடியோ கேமராவில் பிடித்துக் கொடுத்திருந்தால் வேகம் ஏற்கெனவே ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும். அதை மறுபடி மெதுவாக்கிவிடாதே.

டிப்ஸ் 2: அசலைத் தொடாதே

வெட்டிய மரப்பட்டையைத் திரும்ப ஒட்ட முடியுமா? அப்படித்தான் இதுவும். கடையில் கொடுத்த கோப்பை ஒரு தம்பிடி அளவுகூட மாற்றாதே. ஒரு நகல் பெண்டிரைவில், ஒரு நகல் மாமா வீட்டுக் கணினியில். மூன்றாவது நகலில் மட்டும் விளையாடு. புதுக் கோப்பின் பெயரிலேயே வேகத்தை எழுதிவிடு: "திருவிழா-16", "பாட்டி-80" என்று. ஆறு மாதம் கழித்து எது அசல், எது மெதுவாக்கியது என்று நீயே குழம்புவாய். அக்கா குழம்பியிருக்கேன்.

டிப்ஸ் 3: முதலில் பார், பிறகு செய்

வேகத்தை மாற்றிப் பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றால் புதுக் கோப்பே தேவையில்லை. விஎல்சி பிளேயரில் சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டு இருக்கின்றன. இடப்பக்கத்து விசையை அழுத்தினால் வேகம் கொஞ்சம் குறையும், வலப்பக்கத்து விசையை அழுத்தினால் கூடும். எம்பிவி என்று இன்னொரு பிளேயர் உண்டு. அதிலும் அதே விசைகள்தான், ஒவ்வொரு அழுத்துக்கும் பத்து சதவீதம். பேக்ஸ்பேஸ் தட்டினால் பழைய வேகம் திரும்பிவிடும். குரலின் சுருதியையும் அது கெடுக்காது.

எம்பிவியைக் கட்டளை வரியிலிருந்தே இப்படித் திறக்கலாம் (தட்டுவது ஆங்கில எழுத்தில், விவரம் டிப்ஸ் 4-இல்):

எம்பிவி --ஸ்பீடு=0.64 ரீல்.எம்பி4

16-ஐ 25-ஆல் வகுத்தால் 0.64. சூப்பர் 8 என்றால் 18-ஐ 25-ஆல் வகுத்து 0.72. இப்படி ஓட்டிப் பார்த்து மனசுக்குப் பிடித்த எண்ணைக் குறித்துக்கொள். அதற்குப் பிறகுதான் கோப்பு செய்யும் வேலை.

டிப்ஸ் 4: கட்டளையைப் படிக்கும் விதம்

என் தம்பி பகாவ் பக்கம் செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். அவனுக்கு நான் போனில்தான் கட்டளை சொல்வேன். முதல் தடவை "எஸ், இ, டி, பி, டி, எஸ்" என்றேன். அவன் தட்டியதும், அப்படி ஒரு ஃபில்டரே இல்லை என்று கணினி முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. கால் மணி நேரம் இரண்டு பேரும் சண்டை. கடைசியில் பார்த்தால் நான் சொன்ன 'டி' டைகருக்கு வருகிற டி, அவன் தட்டிய 'டி' டாக்டருக்கு வருகிற டி!

அதனால் நமக்குள் ஒரு ஒப்பந்தம். கட்டளையை நான் தமிழில் எழுதுகிறேன், நீ ஆங்கில எழுத்தில் தட்டு. டி என்று வந்தால் டைகர் டி, பி என்று வந்தால் பேப்பர் பி. டாக்டர் டி வருகிற இடத்தில் நானே சொல்லிவிடுகிறேன். மேலே வந்த "ஸ்பீடு" என்ற சொல்லின் கடைசி எழுத்து டாக்டர் டி, அது உனக்கே தெரியும். எல்லாமே சின்ன எழுத்து, நான் பெரிய எழுத்து என்று சொன்னால் மட்டும் பெரிய எழுத்து. சிறு கோடு இருக்கும் இடத்தில் சிறு கோடு, இடைவெளி இருக்கும் இடத்தில் இடைவெளி. ஐ என்று தனியாக வந்தால் ஒற்றை எழுத்து ஐ.

நம்முடைய முக்கியக் கருவியின் பெயர் எஃப்எஃப்எம்பெக். எழுத்துக்கூட்டினால் எஃப், எஃப், எம், பி, இ, ஜி. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கியது. இலவசம். விண்டோஸில் விங்கெட் வழியாக, மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக, உபுண்டுவில் ஆப்ட் வழியாக நிறுவிக்கொள்ளலாம்.

மடிக்கணினி இல்லையா? ஆண்ட்ராய்டு கைப்பேசி போதும். எஃப்-டிராய்டு தளத்திலிருந்து டெர்மக்ஸ் செயலியை இறக்கிக்கொள். திறந்ததும் இந்த இரண்டு வரி:

பிகேஜி இன்ஸ்டால் எஃப்எஃப்எம்பெக்

டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்

இரண்டாவது வரி, உன் கைப்பேசிக் கோப்புகளைத் தொட அனுமதி கேட்கும். கொடு. கருப்புத் திரையைப் பார்த்துப் பயப்படாதே. அது வாய் பேசாத கிராணி மாதிரி. படிவத்தைச் சரியாக நிரப்பிக் கொடுத்தால் வேலையை முடித்துவிடும், ஒரு எழுத்து தப்பினால் திருப்பி அனுப்பும்.

டிப்ஸ் 5: தாத்தாவை நடக்க வைத்த வரி

எஃப்எஃப்எம்பெக் -ஐடிஎஸ்ஸ்கேல் 1.5625 -ஐ ரீல்.எம்பி4 -சி காப்பி -ஏஎன் திருவிழா-16.எம்பி4

ஐடிஎஸ்ஸ்கேல் என்பதில் எஸ் இரண்டு முறை வரும்: ஐ, டி, எஸ், எஸ், சி, ஏ, எல், இ. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் "நீ இத்தனையாவது நொடியில் திரையில் தோன்ற வேண்டும்" என்று ஒரு நேரச்சீட்டு கோப்புக்குள் இருக்கிறது. இந்தக் கட்டளை படத்தைத் தொடுவதே இல்லை, சீட்டில் உள்ள நேரத்தை மட்டும் 1.5625-ஆல் பெருக்குகிறது. 25-ஐ 16-ஆல் வகுத்தால் அந்த எண். சூப்பர் 8-க்கு 25-ஐ 18-ஆல் வகுத்து 1.3889 போடு.

"-சி காப்பி" என்றால் படத்தை மறுபடி சுருக்காதே, இருப்பதை அப்படியே எடுத்து வை என்று பொருள். அதனால்தான் இரண்டு வினாடியில் முடிகிறது, தரமும் துளிகூடக் குறையாது. "-ஏஎன்" என்றால் ஒலி வேண்டாம். ஊமை ரீலுக்கு ஒலி எதற்கு? கடைக்காரர் பின்னணியில் ஏதாவது பாட்டுப் போட்டிருந்தால் அதுவும் கழன்றுவிடும், நல்லதுதான்.

ஊமை ரீலுக்கும் ஸ்கேன் செய்த ரீலுக்கும் இந்த வரி ராஜா. குரல் உள்ள வீடியோவுக்கு இதைப் போடாதே. அந்தக் கதை அடுத்தது.

டிப்ஸ் 6: குரல் வந்தால் கணக்கு இரண்டு

ஊமைப்படக் காலத்தில் வேகத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கையால் சுற்றினார்கள், கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். படம் பேச ஆரம்பித்த பிறகு அந்த விளையாட்டு நடக்கவில்லை. தமிழில் 1931-இல் 'காளிதாஸ்' பேசியது. ஒலியும் படமும் சேர்ந்தே ஓட வேண்டும் என்றானதும் வினாடிக்கு 24 ஃபிரேம் என்று உலகம் முழுக்க வேகத்தைக் கட்டிப்போட்டார்கள். கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது. ஒருவர் குரல் கொஞ்சம் கீச்சென்று போனாலும் "இது அவர் இல்லையே" என்று காது சொல்லிவிடும்.

அதனால் படத்துக்கு ஒரு எண், குரலுக்கு ஒரு எண். படத்துக்குச் சொல்வது நேரத்தின் எண், குரலுக்குச் சொல்வது வேகத்தின் எண். ஒன்று கூடினால் மற்றது குறையும். இந்தப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்:

பாதி வேகம்: படத்துக்கு 2, குரலுக்கு 0.5
முக்கால் வேகம்: படத்துக்கு 1.3333, குரலுக்கு 0.75
ஐந்தில் நாலு பங்கு வேகம்: படத்துக்கு 1.25, குரலுக்கு 0.8
ஒன்றேகால் வேகம்: படத்துக்கு 0.8, குரலுக்கு 1.25
ஒன்றரை வேகம்: படத்துக்கு 0.6667, குரலுக்கு 1.5
இரட்டை வேகம்: படத்துக்கு 0.5, குரலுக்கு 2

இரண்டையும் பெருக்கிப் பார், எப்போதும் ஒன்று வரும். வராவிட்டால் பாதி வீடியோவில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போய்விடும்.

நான் பதிவு செய்து வைத்திருக்கும் பாட்டியின் பேச்சை ஐந்தில் நாலு பங்கு வேகத்துக்குக் குறைக்கும் வரி இது:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாட்டி.எம்பி4 -விஎஃப் "செட்பிடிஎஸ்=1.25*பிடிஎஸ்" -ஏஎஃப் "ஏடெம்போ=0.8" பாட்டி-80.எம்பி4

விஎஃப் என்பது படத்துக்கான ஃபில்டர், ஏஎஃப் ஒலிக்கான ஃபில்டர். செட்பிடிஎஸ் எல்லாம் சின்ன எழுத்து. பெருக்கல் குறிக்குப் பின்னால் வருகிற பிடிஎஸ் மட்டும் பெரிய எழுத்து. ஏடெம்போவுக்கு ஏ, டி, இ, எம், பி, ஓ. மேற்கோள் குறியை விட்டுவிடாதே. இல்லாவிட்டால் பெருக்கல் குறியை டெர்மக்ஸ் வேறு மாதிரி புரிந்துகொள்ளக்கூடும்.

ஏடெம்போ குரலை இழுக்கும், ஆனால் சுருதியைத் தொடாது. பாட்டி பாட்டியாகவே பேசுவார். ஏடெம்போ 0.5-க்குக் கீழே போகாது. கால் வேகம் வேண்டுமென்றால் "ஏடெம்போ=0.5,ஏடெம்போ=0.5" என்று இரண்டு தடவை கோத்துவிடு.

டிப்ஸ் 7: பேச்சை எழுதி வைக்க 0.8, மௌனத்தை வெட்டாதே

இந்த வரியை நான் அதிகம் பயன்படுத்துவது பாட்டியின் கதைகளைத் தாளில் எழுதத்தான். தோட்டப் பேச்சில் சொல் வேகமாக வந்து விழும். பெரட்டுக்குப் போனது, மங்கு கழுவியது, ஒட்டுப்பால் பொறுக்கியது, தண்டல் பேர் கூப்பிட்டது எல்லாம் ஒரே மூச்சில் வரும். முழு வேகத்தில் தட்டச்சு செய்ய முடியாது. பாதி வேகத்தில் போட்டால் உறக்கம் வந்துவிடும். 0.8 எனக்குக் கைவந்த வேகம். உனக்கு 0.75 பிடிக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். ஒலியில் அமைதியான இடங்களைத் தானாக வெட்டி எறியும் ஃபில்டரும் இதே கருவியில் இருக்கிறது. பாடக் காணொளிக்கு அது சரி. பெரியவர்கள் பேச்சுக்கு வேண்டாம். 1942-லும் 1943-லும் ஜப்பான்காரன் 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைக் கொண்டுபோனான். பாட்டியின் அப்பாவும் போனார். அவர் திரும்பினாரா என்று நான் கேட்டதும் பதினோரு வினாடி பாட்டி பேசவில்லை. பிறகு தண்ணீர் கேட்டார். அந்தப் பதினோரு வினாடியை வெட்டிவிட்டால், நான் கேட்டதற்கு அவர் தண்ணீர் கேட்டது மட்டும்தான் மிஞ்சும்.

எஸ்பிஎம் பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சிக்கு நேர்மாறு. ஆசிரியர் மெதுவாகப் பேசும் பாடத்தை 1.25-இல் வேகமாக்கி இறக்கி வைத்துக்கொள். இணையம் பிடிக்காத செம்பனைக் காட்டுக்குள்ளும் பார்க்கலாம். 1.5-க்கு மேலே போனால் கேட்ட மாதிரி இருக்கும், மண்டையில் நிற்காது.

டிப்ஸ் 8: உருமி மேளத்துக்கு வேறு கை

குரல் இழுபடும், மேளம் இழுபடாது. உருமியின் முனகல் நீண்டால்கூட ஏற்றுக்கொள்ளலாம். தப்பின் அடி, தவிலின் சொல் எல்லாம் பளிச்சென்று விழ வேண்டியவை. 0.7-க்குக் கீழே போனால் ஒரு அடி இரண்டு அடியாகக் கேட்கும், பானைக்குள் தட்டின மாதிரி. ஆட்டம் பழகுவதற்காக அடவை மெதுவாக்குகிறாய் என்றால் 0.75-இல் நிறுத்து. அதற்கும் மெதுவாக வேண்டுமா? ஒலியையே எடுத்துவிட்டு வாயால் சொல்கட்டு சொல்லிக்கொண்டு ஆடு.

இன்னும் நயமாக இழுக்க ஒரு ஃபில்டர் உண்டு. பெயரைக் கேட்டால் சிரிப்பாய்: ரப்பர்பேண்ட்! மூன்று தலைமுறை ரப்பரில் வாழ்ந்த நமக்கு அதை விட்டுவைக்க மனசு வருமா? ஏடெம்போ இருந்த இடத்தில் "ரப்பர்பேண்ட்=டெம்போ=0.75" என்று போட்டுப் பார். பேண்ட் என்பதன் கடைசி எழுத்து டாக்டர் டி, முதல் எழுத்தும் ரப்பர் நடுவில் இரண்டு தடவை வருவதும் பஸ்ஸுக்கு வருகிற பி. எல்லா எஃப்எஃப்எம்பெக்கிலும் இதைச் சேர்த்துக் கட்டியிருக்க மாட்டார்கள். இல்லை என்று சொன்னால் ஏடெம்போவுக்கே திரும்பி வந்துவிடு.

டிப்ஸ் 9: பழைய சினிமா டேப் கொஞ்சம் அவசரக்காரன்

நம் மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. பிற்பாடு லயத்துக்குள் வீடியோ டேப்பும் வந்தது. அந்தக் காலத்தில் நம் ஊர்த் தொலைக்காட்சியும் டேப்பும் பால் (பி, ஏ, எல்) என்ற முறையில் ஓடின, வினாடிக்கு 25 ஃபிரேம். சினிமாவோ 24. அந்த ஒரு ஃபிரேம் வித்தியாசத்துக்குப் பெரிய பாடு படாமல், 24-ஐ அப்படியே 25-இல் ஓட்டிவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. இரண்டரை மணி நேரப் படம், அதாவது 150 நிமிஷம், 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். பாட்டும் சுருதி ஏறிக் கேட்கும். ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஏழு பங்கு மேலே. டேப்பில் கேட்டுப் பழகிய பாட்டை ரேடியோவில் கேட்கும்போது கொஞ்சம் சோம்பலாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட டேப்பிலிருந்து எடுத்த கோப்பை அசல் வேகத்துக்குக் கொண்டுவர, இங்கே சுருதியும் சேர்ந்தே இறங்க வேண்டும். அதனால் ஏடெம்போ உதவாது:

எஃப்எஃப்எம்பெக் -ஐ படம்.எம்பி4 -விஎஃப் "செட்பிடிஎஸ்=25/24*பிடிஎஸ்" -ஏஎஃப் "ஏசெட்ரேட்=46080,ஏரீசாம்பிள்=48000" -ஆர் 24 படம்-24.எம்பி4

ஏசெட்ரேட்டுக்கு ஏ, எஸ், இ, டி, ஆர், ஏ, டி, இ. ஏரீசாம்பிளுக்கு ஏ, ஆர், இ, எஸ், ஏ, எம், பி, எல், இ. ஒலி 48000 என்ற அளவில் பதிவாகியிருந்தால்தான் இந்த எண். அதில் 24/25 பங்கு 46080.

கவனம்! கல்யாண வீடியோவுக்கு இதைப் போட்டுவிடாதே. வீடியோ கேமராவில் நேராக எடுத்தது சரியான வேகத்தில்தான் இருக்கும். உன் அம்மா கழுத்தில் தாலி ஏறுவதை நாலு சதவீதம் தாமதப்படுத்திய பாவம் உனக்கு எதற்கு?

டிப்ஸ் 10: பால் கத்தியைப் பார்க்க வெளிச்சம் வேண்டும்

எங்கள் பெரியம்மா முப்பது வருஷம் மரம் சீவியவர். லயத்துக்குப் பின்னால் நாலைந்து கிழட்டுப் பால்மரங்கள் மிஞ்சியிருந்தன. கத்தியைக் கையில் கொடுத்தோம். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிவாக, பட்டை சுருளாகக் கழன்று விழுகிறது. மரத்தில் காயம் இல்லை. மணிக்கட்டு எங்கே திரும்புகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. மெதுவாக்கித்தான் பார்க்க வேண்டும்.

இதற்குக் கட்டளையைவிடக் கேமராதான் முக்கியம். கைப்பேசியில் ஸ்லோ மோஷன் முறையில் வினாடிக்கு 120 அல்லது 240 ஃபிரேம் எடு. 120-இல் எடுத்ததை 30-இல் ஓட்டினால் நாலு மடங்கு மெதுவு, 240 என்றால் எட்டு மடங்கு. சில கைப்பேசிகள் தாமே மெதுவாக்கிக் கொடுத்துவிடும். கோப்பு உண்மையான வேகத்தில் ஓடினால் மட்டும் இதைத் தட்டு:

எஃப்எஃப்எம்பெக் -ஐ கத்தி.எம்பி4 -விஎஃப் "செட்பிடிஎஸ்=4*பிடிஎஸ்" -ஆர் 30 -ஏஎன் கத்தி-மெது.எம்பி4

பால் நன்றாக இறங்குவது விடிகாலையில் என்பதால் மரம் வெட்டுவது இருட்டோடு. கேமராவுக்கு அந்த இருட்டு ஆகாது. ஃபிரேம் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். எட்டு மணி வெயில் மரத்தில் விழும்வரை பொறுத்திரு. கோயில் மண்டபத்தில் பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் பட்டை பட்டையாக மினுங்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது ஸ்லோ மோஷனில் தெரிந்துவிடும். சிலம்பத்தையும் வெளியில் திடலிலேயே எடு.

சாதாரண 30 ஃபிரேம் வீடியோவை நாலு மடங்கு மெதுவாக்கினால் விட்டு விட்டுத்தான் ஓடும். நடுவில் இல்லாத ஃபிரேம்களைத் தானே வரைந்து நிரப்பும் ஃபில்டர் இருக்கிறது, பெயர் மின்டர்போலேட். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஊகம். பெரியம்மா கத்தி அங்கங்கே ரப்பர் மாதிரி வளைந்தது. விளையாட்டு வீடியோவுக்கு வைத்துக்கொள். பின்னால் வருகிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள எடுக்கும் படத்தில் நடக்காத அசைவைச் சேர்க்காதே.

டிப்ஸ் 11: இருபது வினாடி ருசி பார்

குழம்பை அண்டாவோடு கொதிக்கவிட்ட பிறகா உப்புப் பார்ப்பாய்? முழுக் கோப்பையும் போட்டுவிட்டு அரை மணி நேரம் கைப்பேசி சூடாவதைப் பார்த்துக்கொண்டு இருக்காதே. "-ஐ" என்பதற்கு முன்னால் இதைச் சேர்:

-எஸ்எஸ் 00:01:00 -டி 20

முதல் நிமிஷத்தைத் தாண்டி இருபது வினாடியை மட்டும் எடுத்துச் செய்யும். வேகம் பிடித்திருந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு முழுவதையும் ஓட்டு. அதே பெயரில் கோப்பு இருந்தால் அழித்து எழுதட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று தட்டிவிடாதே, பெயரை மாற்று.

டிப்ஸ் 12: கடைசி எண்ணைப் பாட்டியிடம் கேள்

16 என்பது கேமராக் கம்பெனி சொன்ன எண். அந்தக் காலக் கேமராக்களில் பல சாவி கொடுத்தால் ஓடும் சுருள்வில் கேமரா. முறுக்கு தளரத் தளர வேகம் கொஞ்சம் மாறும். டிரெஸ்ஸர் முழுசாக முறுக்கினாரா, பாதியில் விட்டாரா, யாருக்குத் தெரியும்? தோட்டத்தில் இருந்தவர்கள் கண்ணைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும்.

அந்த வரியைத் தட்டிய மறுநாள் காலை பசியாறியதும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து திருவிழா-16-ஐப் போட்டேன். "வேகமா இருக்கா பாட்டி? இன்னும் குறைக்கவா?" என்று கேட்டேன். பதிலே இல்லை. தாத்தா லயத்து வாசலிலிருந்து குடத்தோடு நடந்து வந்தார். வாய்க்கால் பலகையில் கால் வைக்கும்போது ஒரு கணம் நின்று, குடத்தின் பிடியை இடக்கைக்கு மாற்றினார். முதல் நாள் பதினான்கு பேர் பார்த்தோமே, அந்த நிற்றலை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"வலது தோள்ல வலி அவருக்கு. இப்படித்தான் மாத்துவாரு" என்றார் பாட்டி.

எண்ணை அதோடு விட்டுவிட்டேன். 2 நிமிஷம் 40 வினாடி ஓடிய ரீல் இப்போது 4 நிமிஷம் 10 வினாடி ஓடுகிறது. தாத்தா ஒன்றரை நிமிஷம் கூடுதலாக வீட்டில் இருந்துவிட்டுப் போகிறார்.